சக்கர நாற்காலியில் வரும் இசக்கி: குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மாற்றுத்திறன் பொம்மைப் பாத்திரம் உருவாக்கும் முறை

தென்காசி, செங்கோட்டை, புளியரை தொடங்கி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரையுள்ள எல்லைப் பகுதியில், உள்ளூர் கேபிளுக்கோ யூடியூபுக்கோ குழந்தைகள் நிகழ்ச்சி எடுக்க முனைகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பொம்மலாட்டம் புதிது, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய அறிவும் கேள்வி ஞானம்தான் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறோம். கையை உள்ளே விட்டு வாயை அசைக்கும் ஃபோம் பொம்மைதான் இங்கே பேசுபொருள். தோல்பாவைக்கும் மரப்பாவைக்கும் செய்முறை வேறு.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. பாத்திரத்தின் உடல்நிலை, அது ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்பதில் தெரிய வேண்டும். கதை அதைப் பற்றியே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. பொம்மையின் தையல், கம்பி, செட்டின் உயரம், கேமரா வைக்கும் இடம் எல்லாம் இதிலிருந்துதான் முடிவாகின்றன. எல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு வெள்ளைக் கோலைத் திணித்தால் அது ஒட்டாது, குழந்தைகளுக்கும் உடனே தெரிந்துவிடும்.

எழுத்து: ஆசை முதலில், மருத்துவம் அடுத்து

ஒரு தாளில் பாத்திரத்தின் பெயர், வயது, வீடு, அதற்கு ரொம்பப் பிடித்தது, அதற்கு ஆகவே ஆகாதது, அது அடிக்கடி செய்யும் தப்பு ஆகியவற்றை எழுதுங்கள். உடல்நிலையை இன்னும் எழுத வேண்டாம். இந்தக் கட்டுரைக்காக ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இசக்கி, ஒன்பது வயது, செங்கோட்டைக்காரி. ரயில் பைத்தியம். தோற்றால் தாங்காது, ஆட்டத்தில் கொஞ்சம் அழுகுணி. அவள் தோழி அம்மு ஆரியங்காவிலிருந்து வருகிறாள், பாதி மலையாளம் பேசுவாள்.

இந்த ஐந்தாறு வரியிலேயே ஒரு பிள்ளை உயிர்பெற்றுவிட வேண்டும். பெறவில்லை என்றால் சக்கர நாற்காலி அவளைக் காப்பாற்றாது. தப்புச் செய்யும் உரிமையை அவளுக்குக் கொடுப்பது மிக முக்கியம். எப்போதும் பொறுமையாக, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மாற்றுத்திறன் பாத்திரத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிநேகம் பிடிக்காது.

அடுத்து உடல்நிலையைத் துல்லியமாக முடிவு செய்யுங்கள். "வீல்சேரில் இருக்கும் பெண்" என்று எழுதினால் பொம்மை செய்பவருக்கு ஒன்றும் புரியாது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைக்கு, அதாவது ஸ்பைனா பிஃபிடா உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் கைகள் வலுவாக இருக்கும், கால்கள் தளர்ந்திருக்கும், நாற்காலியைத் தானே தள்ளும். மூளை முடக்குவாதத்தில் பல பிள்ளைகளுக்குக் கை மடங்கி இறுகியிருக்கும், திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும், பேச்சு இழுத்து வரலாம், அறிவு முழுக் கூர்மையோடு இருக்கலாம். தசைச்சிதைவு நோயில் கை தூக்குவதே சிரமம், மின்சார நாற்காலிதான் பொருந்தும். மூன்றும் மூன்று விதப் பொம்மைகள். நம் இசக்கிக்கு ஸ்பைனா பிஃபிடா என்று வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்தாலே கண் திறக்கும்.

நம் மண்ணின் கூத்து மரபையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி நடத்தும் தோல்பாவைக் கூத்து நம் எல்லைப்புறத்தின் பெரிய சொத்து. இந்தப் பக்கத்துத் தோல்பாவையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தாலே கூட்டம் சிரிக்கும். ஆனால் கூனி என்றால் சூழ்ச்சிக்காரி, கோணலான உடம்பு என்றால் சிரிப்பு என்று நம் கண் பழகியிருப்பதற்கு மேடையும் சினிமாவும் பெரிய காரணம். அதனால் முதல் எபிசோடில் உங்கள் பாத்திரம் வந்தவுடன் சிரிப்போ பரிதாபமோ எதிர்பார்க்கப்படும். அதற்கு இடம் கொடுக்காமல், பாத்திரம் உள்ளே வரும்போதே ஒரு வேலையின் நடுவில் வரட்டும். இசக்கி மடியில் ரயில் அட்டவணையோடு, யாரையோ திட்டிக்கொண்டே வரலாம்.

வெளியில் செய்து பார்த்தவர்களிடமிருந்தும் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. அமெரிக்காவில் சிறப்புக் கல்வி ஆசிரியை பார்பரா ஐயெல்லோ 1977-இல் தொடங்கிய 'கிட்ஸ் ஆன் தி பிளாக்' குழு, குழந்தை அளவுப் பொம்மைகளைக் கறுப்பு உடை அணிந்தவர்கள் பின்னால் நின்று ஆட்டும் முறையில் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. பார்க்கும் பிள்ளைகள் பொம்மையிடமே நேராகக் கேள்வி கேட்டார்கள். பெரியவர்களிடம் கேட்கக் கூசும் கேள்விகள் அப்படி வெளியே வந்தன. அமெரிக்கக் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்'டில் ஆட்டிசம் உள்ள ஜூலியா என்ற பொம்மை 2017 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தாள். முதல் எபிசோடில் அந்த நிகழ்ச்சியின் பழைய பாத்திரமான பெரிய பறவை (பிக் பேர்ட்) ஹலோ சொல்கிறது, ஜூலியா பதில் சொல்லவில்லை, தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பறவை வருந்துகிறது. பார்க்கும் குழந்தைக்கு எழும் அதே சந்தேகத்தைத் திரையிலேயே இன்னொரு பாத்திரத்துக்கு எழ வைத்தார்கள். இந்த உத்தியை நீங்களும் தாராளமாகக் கையாளலாம்.

வசனத்துக்கு ஒரு மாதிரி. இப்படி எழுதாதீர்கள்:

அம்மு: "உன்னால நடக்க முடியாட்டியும் உன் மனசுக்குச் சிறகு இருக்கு இசக்கி!"

இப்படி எழுதுங்கள்:

அம்மு: "இசக்கி, படி இருக்கு. தூக்கட்டா?"
இசக்கி: "வேண்டாம்ட்டி. பின்பக்கம் சரிவு இருக்கான்னு பாத்துட்டு வா. நான் கேமராவ எடுத்து வைக்கேன். வண்டி வர அஞ்சு நிமிசந்தான் இருக்கு!"

இந்தக் கதையில் சிக்கல், தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் வரும் நேரத்தில் படம் எடுக்க முடியுமா என்பது. படி ஒரு தடை, அவ்வளவுதான். கடைசியில் படம் மங்கலாக விழுந்தால்கூட நல்லது. இசக்கிக்குத் தோல்வியும் வரட்டும்.

யாரிடம், எப்போது கேட்பது

அந்த உடல்நிலையோடு வாழ்கிற பெரியவர் ஒருவரும், அப்படிப்பட்ட குழந்தையும் அதன் வீட்டாரும் குறைந்தது நான்கு கட்டங்களில் பார்க்க வேண்டும்: பாத்திரத்தின் கோட்டோவியம், துணி போர்த்தாத ஃபோம் பொம்மை, ஸ்கிரிப்ட், எடிட்டிங்கின் முதல் வெட்டு. நான்காவதில் மட்டும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது வீண், அப்போது மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எழுத்தாளருக்குக் கொடுக்கும் அதே விகிதத்தில் அவர்களுக்கும் பணம் கொடுங்கள். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் உடம்பைச் சொல்வார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்புவது எப்படி, எந்தக் கேள்வி எரிச்சலூட்டும் என்பதை அந்த வீட்டார்தான் சொல்ல முடியும்.

பெரியவர் பாத்திரங்களிலும் கவனம் வேண்டும். எல்லை தாண்டிப் போகிற பிள்ளைகள் லாட்டரிச் சீட்டு விற்கும் மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். கதையிலும் அந்த ஒரு தொழிலே வந்தால் பிள்ளையின் கற்பனை அங்கேயே நின்றுவிடும். ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த பிறகுதான் அந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இப்படி ஒரு முன்மாதிரி இருக்கும்போது, உங்கள் தெருவின் தலைமையாசிரியரோ தபால்காரரோ இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருவதில் ஒரு தயக்கமும் வேண்டாம்.

அடிப்படைப் பொம்மை

குழந்தைப் பாத்திரத்துக்கு 65 செ.மீ. உயரம் போதும். மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட் 12 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஷீட்டில் இரண்டு பொம்மை வரும். வாய்த்தகடு, அதாவது வாய்க்குள் உங்கள் விரல்கள் பிடித்து அசைக்கும் தகடு, உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு ரப்பர் ஷீட்டை இரண்டு அரை வட்டமாக வெட்டி, நடுவில் கேன்வாஸ் துணியால் கீல் ஒட்டுங்கள். புனலூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வாங்க வேண்டாம். வாடை போகாது, வெயிலில் ஒட்டும். மேல்தோலுக்கு ஃபிளீஸ் துணி சிறந்தது. கிடைக்காவிட்டால் திருப்பூரில் கிலோக் கணக்கில் விற்கும் பனியன் துணியில் கனமானதாகப் பார்த்துச் சாயம் ஏற்றலாம். நம் பிள்ளைகளின் நிறத்திலேயே ஏற்றுங்கள்.

கண்ணுக்கு 40 மி.மீ. பிங்பாங் பந்து ஒன்றை இரண்டாக வெட்டினால் சரி. கருவிழி 10 முதல் 12 மி.மீ. வட்டம், இரண்டும் மூக்குப் பக்கம் ஒரு மயிரிழை சாய வேண்டும். நேராக ஒட்டினால் பொம்மை எதையும் பார்க்காமல் வெறிப்பதுபோல் இருக்கும். ஒட்டுவதற்கு முன் குண்டூசியால் நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

பொம்மையின் கையைக் கீழிருந்து அசைக்கும் கைக்கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைப் பலர் எடுக்கிறார்கள். அதன் நீளம் 30 செ.மீ.க்கும் குறைவு, பொம்மை கையை உயர்த்தினால் ஆட்டுபவரின் விரல் ஃபிரேமுக்குள் வந்துவிடும். 3 மி.மீ. எஃகுக் கம்பி 45 செ.மீ. வெட்டி, பளபளக்காத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள்.

ஒட்டுவதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தோற்கிறார்கள். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு அழுத்த வேண்டும். குற்றாலச் சாரல் மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, மெல்லிய வெள்ளைப் படலம் விழும். அப்போது ஒட்டினால் நன்றாக ஒட்டியதுபோல் தெரியும், ஷூட்டிங் அன்று தாடை கழன்று கையில் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பசை தடவும் முன்பே ஃபோமை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்குங்கள். பசை ஈரமாக இருக்கும்போது டிரையரோ அடுப்போ விளக்கோ பக்கத்தில் வேண்டாம், அது தீப்பற்றும் பொருள். ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

இசக்கியின் நாற்காலி

65 செ.மீ. பொம்மை, உண்மைப் பிள்ளையில் ஏறக்குறையப் பாதி. நாற்காலியும் அந்தக் கணக்கிலேயே வர வேண்டும்: இருக்கை அகலம் 17 செ.மீ., பின்சக்கரத்துக்குக் குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குலச் சக்கரம், முன்சக்கரத்துக்கு 6 அல்லது 7 செ.மீ. டிராலி உருளை. சட்டத்துக்கு 10 மி.மீ. அலுமினியக் குழாய். பிரம்பில் செய்தால் அழகு, ஆனால் இந்த ஈரத்தில் கோணிவிடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் கனத்த நாற்காலியை மாதிரியாக எடுக்காதீர்கள். அது நோயாளியை வேறொருவர் தள்ளுவதற்காகச் செய்தது. இசக்கி தானே தள்ளுகிறவள். அவளுடைய நாற்காலி இடுப்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும், முதுகுச் சாய்வு தோளுக்குக் கீழே நிற்க வேண்டும், கைப்பிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்குப் பிடித்த நிறம், ஒரு ரயில் ஸ்டிக்கர், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் பை. பிள்ளைகள் தங்கள் சைக்கிளை எப்படி வைத்திருப்பார்களோ அப்படி.

ஆட்டுபவரின் கை போக இருக்கையின் பின்பாதியில் 12-க்கு 14 செ.மீ. ஓட்டை விடுங்கள். ஓட்டை விளிம்பில் ஃபோம் சுற்றாவிட்டால் அரை மணி நேரத்தில் முழங்கை கன்றிவிடும். கால்களைத் தனியாகத் தைத்து, காலணிக்குள் 100 முதல் 150 கிராம் நட்டு அல்லது மணல் மூட்டை வையுங்கள். எடை இல்லாத கால், நாற்காலி நகரும்போதெல்லாம் கால்தாங்கியிலிருந்து மிதக்கும், உடனே உண்மை கெட்டுவிடும். முழங்கால் மூட்டில் வெறும் துணித் தையல் போதும், கம்பி வேண்டாம்.

தள்ளும் அசைவை ஒரு நாள் முழுக்கப் பழகுங்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்தால், கை ஏறத்தாழ 11 மணி இடத்தில் பிடித்து 2 மணி இடத்தில் விடுகிறது, பிறகு தளர்ந்து கீழே விழுந்து பின்னால் வருகிறது. புதியவர்கள் கையைச் சக்கரத்தோடு ஒட்டிவிடுகிறார்கள், கையும் சேர்ந்து சுற்றுகிறது. உள்ளங்கையில் 8 மி.மீ. சிறு காந்தமும், தள்ளும் வளையத்தில் இரும்புப் பட்டையும் வைத்தால் பிடியும் விடுதலும் தானாக அமையும். அதைவிடப் பெரிய காந்தம் விடாது. ஒருவர் தலையும் வாயும், இரண்டாமவர் இரு கைகள், மூன்றாமவர் கீழிருந்து சக்கரம் என மூன்று பேர் தேவை. ஆள் குறைவாக இருந்தால் நாற்காலியை நிறுத்தி வைத்துப் பேசும் காட்சிகளை அதிகமாக்குங்கள், அரைகுறையாகத் தள்ளிக் காட்ட வேண்டாம். தள்ளுவதற்கு முன் தோள் முன்னால் சாய வேண்டும். அந்தச் சாய்வு இல்லாமல் நாற்காலி நகர்ந்தால் யாரோ இழுப்பதுபோல் தெரியும்.

கீழே ஆட்டுபவர்கள் நிற்க மேடையை உயர்த்தி, தரையில் 14 செ.மீ. அகலத்தில் நீளப் பிளவு விட்டு, இருபுறமும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். கேமரா பொம்மையின் கண்மட்டத்தில் இருந்தால் பிளவு தெரியாது. ஆனால் எபிசோடுக்கு ஒருமுறையாவது நாற்காலி முழுவதும் தெரியும் அகலமான ஷாட் வேண்டும். அதற்கு, கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு உடையில் பின்னாலிருந்து ஆட்டும் முறையே எளிது.

மற்றப் பாத்திரங்களுக்கும் பயிற்சி உண்டு. கேட்காமல் நாற்காலியைத் தொடுவதோ அதில் சாய்வதோ கூடாது. அம்மு பேசும்போது இசக்கியின் கண்மட்டத்துக்கு வர வேண்டும். செட்டில் சரிவுப்பாதை வைத்தால் 1-க்கு 12 என்ற விகிதத்திலேயே வையுங்கள்: 10 செ.மீ. உயரத்துக்கு 120 செ.மீ. நீளம். இடம் போதவில்லை என்று செங்குத்தாக வைத்தால், பார்க்கும் பஞ்சாயத்துக்காரரும் பள்ளிக்கூடத்துக்காரரும் அதையே மாதிரியாக எடுத்துக்கொள்வார்கள்.

பார்வையற்ற பாத்திரம்

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுத் தப்பிக்காதீர்கள். கண் பொம்மைக்கு உயிர், அதை மறைத்தால் முகம் செத்துப்போகும். கருவிழியை மூக்குப் பக்கம் சாய்க்காமல் நேராகவோ சற்று வெளிப்புறமாகவோ ஒட்டினால் போதும். பொம்மைப் பயிற்சியில் எல்லோரும் முதலில் கற்பது கண்ணைப் பேசுபவர்மேல் நிறுத்துவது. இங்கே அதை மறக்க வேண்டும். காது முதலில் திரும்பட்டும், முகம் பிறகு வரட்டும். நண்பர்களின் முகத்தைத் தடவிப் பார்க்கும் காட்சி வேண்டாம், பார்வையற்றவர்கள் அப்படி அலைவதில்லை. குரலையும் காலடியையும் கொண்டுதான் ஆளைக் கண்டுகொள்வார்கள்.

வெள்ளைக் கோல் தரையிலிருந்து நெஞ்சுக் குழி அளவு இருக்க வேண்டும், நம் பொம்மைக்கு 45 செ.மீ. போதும். 5 மி.மீ. அலுமினியக் குழாய், வெள்ளைப் பெயின்ட், அடியில் சிவப்பு, நுனியில் க்ளூ கன் துளி. இடது கால் முன்னே போகும்போது நுனி வலப்பக்கம் தட்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். கால் அடுத்து வைக்கப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. தாறுமாறாக ஆட்டினால் வாள்சண்டையாகிவிடும். சிமென்ட், மொசைக், மண், சருகு என ஒவ்வொன்றிலும் உண்மைக் கோலைத் தட்டி ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலிதான் பாதி நடிப்பு.

பிரெய்ல் புத்தகம் காட்டினால் உண்மையான பிரெய்ல் தாளையே வாங்கிப் பயன்படுத்துங்கள். சட்டமும் ஊசியும் கொண்டு எழுதுவது வலமிருந்து இடம், தாளைத் திருப்பி வாசிப்பது இடமிருந்து வலம். கலை இயக்குநர் படத்தைப் பார்த்துத் தானே புள்ளி குத்தினால் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக வந்துவிடும்.

வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற பிள்ளைக்காக, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கட்டும். "அதோ பார்!" என்பதற்குப் பதில் "பாலத்து மேல நீல வண்டி!" என்று எழுதினால் எல்லோருக்குமே நல்ல வசனம்.

காது கேளாத பாத்திரம்

கம்பி கட்டிய நான்கு விரல் ஃபோம் கையால் சைகை மொழி பேச முடியாது. இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளைக் காட்டவே பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். ஆகவே ஆட்டுபவரின் கையே கையுறைக்குள் நுழைந்து பொம்மையின் கையாகும் வகையைச் செய்யுங்கள், ஐந்து விரலோடு. இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும், அவர் காது கேளாதவராகவே இருக்க வேண்டும். தலையை இன்னொருவர் ஆட்டுவார். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கை கொடுத்தால் சைகை உளறலாகிவிடும்.

இந்த மொழியில் இலக்கணத்தின் பெரும்பகுதி முகத்தில் இருக்கிறது. கேள்வி என்றால் புருவம் பேச வேண்டும், மறுப்பு என்றால் தலை அசைய வேண்டும். அதனால் புருவத்துக்கு ஒரு நூல் இழுவை வைப்பது கட்டாயம். தலை ஆட்டுபவரும் அடிப்படைச் சைகை கற்றிருக்க வேண்டும், குறைந்தது அந்த எபிசோடின் வசனம் முழுவதும். கையுறை நிறமும் சட்டை நிறமும் பளிச்சென்று வேறுபடட்டும். கட்டம் போட்ட சட்டை வேண்டாம். சைகை நடுவில் கேட்பவரின் முகத்துக்கு வெட்டினால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். எடிட்டருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பொம்மை உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. வாய் திறக்கும், மூடும், அவ்வளவே. ஆகவே உங்கள் பாத்திரம் இன்னொரு பொம்மையின் உதட்டை வாசிப்பதாக எழுதாதீர்கள், பார்க்கும் பிள்ளைக்கு எழுத்துவரியும் (சப்டைட்டில்) போடுங்கள். காது மெஷின் அல்லது காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் செவிக் கருவி) வைத்தால் பாலிமர் களிமண்ணில் செய்து காதின் பின்னால் தைக்கவும். காக்ளியரில் தலையில் ஒட்டும் வட்டச் சுருளும் அதற்கு ஒரு சிறு வயரும் உண்டு, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கருவி மாட்டியவுடன் எல்லாம் தெளிவாகக் கேட்டதாகக் காட்டுவதும் தப்பு. மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும்.

ஆட்டிசம்

உடம்பில் அடையாளம் இல்லாததால் இதில் எல்லாமே ஆட்டுபவரின் கையில். பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டுங்கள். மூன்று, நான்கு நொடி அமைதி எடிட்டருக்குப் பதற்றம் தரும், வெட்ட விடாதீர்கள். கருவிழி பேசுபவரின் முகத்தில் நிற்காமல் பக்கத்தில் ஒரு பொருளில் நிற்கட்டும். ஜூலியா பொம்மைக்குக் கைகளை உதறுவதற்கென்றே தனியாக இன்னொரு ஜோடி கை செய்தார்கள். காரணம் எளிது, கம்பி கட்டிய கையால் வேகமாக உதற முடியாது, கம்பி முகத்தில் மோதும். கம்பி இல்லாமல், மணிக்கட்டில் தளர்ந்த துணி மூட்டோடு, உள்ளங்கையில் 20 கிராம் எடையோடு ஒரு ஜோடி செய்து, தோளில் வெல்க்ரோவால் மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பை லேசாகக் குலுக்கினால் கை தானே உதறும். மகிழ்ச்சியிலும் உதறும், கலக்கத்திலும் உதறும். இரண்டையும் காட்டுங்கள்.

மிக்சி, கோயில் வெடி, பஸ் ஹாரன் போன்ற சத்தம் தாங்காமல் பாத்திரம் காதைப் பொத்தும் காட்சியில், உண்மையிலேயே காதைக் கிழிக்கும் ஒலியைப் போட வேண்டாம். அந்த நிகழ்ச்சியை ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒலியைக் குறைத்து, பொம்மையின் உடம்பில் காட்டினால் போதும். அபாரக் கணக்குத் திறமை, ஒருமுறை பார்த்தால் மறக்காத நினைவு என்று எதையாவது ஏற்றிவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சாதாரணமாக இருக்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

திக்குவாய்க்கு ஒரு குறிப்பு. சொல் திரும்பத் திரும்ப வரும்போது வாயைச் சிறிதாக மட்டும் திறக்கவும். அடைத்துக்கொள்ளும்போது வாய் பாதி திறந்தபடி அசையாமல், ஒலியில்லாமல் நிற்கட்டும். ஒவ்வொரு தடவையும் முழுசாகத் திறந்து மூடினால் அது நகைச்சுவைக் காட்சியாகிவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பாத்திரத்துக்கு முகத்தில் மாற்றம் மெலிதாக இருக்கட்டும், குரலுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவரையே அமர்த்துங்கள்.

ஆட்டுபவர்களும் மானிட்டரும்

கேமரா காட்டும் படத்தைக் கீழே வைத்த மானிட்டரில் பார்த்துத்தான் ஆட்ட வேண்டும். அது கண்ணாடிபோல் இடவலம் மாறி இருக்காது, முதல் வாரம் எல்லோரும் எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். படத்தைப் புரட்டிப் போட்டுப் பழகிவிடாதீர்கள், பிறகு மாற்றவே முடியாது. வாயசைப்பில் கட்டைவிரல்தான் இறங்க வேண்டும், மேல் நான்கு விரல் துள்ளினால் தலை பின்னால் சாயும்.

மாற்றுத்திறனாளிகளையே ஆட்டுபவர்களாகச் சேருங்கள். நின்றுகொண்டு கையை உயர்த்தும் மேடைதான் தடை. மேசைமேல் செட் போட்டு, மேசைக்குக் கீழ் 75 செ.மீ. முழங்கால் இடம் விட்டு, மானிட்டரை மடி உயரத்தில் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆட்டலாம். நின்று களைத்துப்போகிற மற்றவர்களுக்கும் அது வசதி.

பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்தல்

முதல் எபிசோடை வெளியிடும் முன் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட இரண்டு குழுக்களுக்குக் காட்டுங்கள். இரண்டிலும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் இல்லாதவர்களும் கலந்திருக்கட்டும், தமிழும் மலையாளமும் கலந்திருக்கட்டும். "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். இசக்கியைப் பற்றிச் சொல்லும்போது எது முதலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "ரயில் படம் எடுக்கப் போனாளே" என்று வந்தால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. "நடக்க முடியாத பிள்ளை" என்று வந்தால் அவளுடைய ஆசை திரையில் போதவில்லை, எழுத்துக்குத் திரும்புங்கள். "பாவம்" என்ற சொல் வந்தால் பின்னணி இசையைச் சோதியுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு புல்லாங்குழல் அழுதுகொண்டிருக்கும்.

பாதுகாத்தல்

பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி ஃபோம் பூஞ்சை பிடிக்கும். தலைக்குள் பழைய பனியன் துணி திணித்து, பருத்தித் துணி உறையில், தரையிலிருந்து உயரமாகத் தொங்கவிடவும். சாரல் காலத்தில் வாரம் ஒருமுறை நிழலில் காற்றாடவிட்டு, வாய்க்கீலையும் கம்பி முனைகளையும் பாருங்கள். ஃபோம் காலப்போக்கில் பொடிந்து உதிரும் பொருள், அதனால் தலை, உடல், கை, நாற்காலி எல்லாவற்றின் வெட்டுத் தாள்களையும் அட்டையில் ஒட்டிப் பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இசக்கியும் அதே முகத்தோடு வர வேண்டும்.